ஸ்லோ குக்கர் குழம்பு மணக்க வேண்டுமா?

ஸ்லோ குக்கரை ஆசையாக வாங்கி, சில தடவை சமைத்துப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "நல்லா வெந்துடுது. ஆனா மணமே இல்ல. தண்ணியா நிக்குது. எதை வெச்சாலும் ஒரே ருசி." அவர்கள் சொல்வது சரிதான். எல்லாவற்றையும் நறுக்கி ஒன்றாகக் கொட்டி, மூடி, பொத்தானைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனால் அப்படித்தான் வரும். ஆனால் அதே குக்கரில் தெருவே மணக்கும்படி ஒரு கறிக்குழம்பும் வைக்கலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

நம் சமையலை மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா வதக்குவது முதல் கட்டம். தண்ணீரில் வேகவைப்பது நடுக்கட்டம். தாளிப்பு, தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று இறக்குவது கடைசிக் கட்டம். நிறமும் மணமும் பெரும்பாலும் முதலிலும் கடைசியிலும் வருபவை. மென்மையும் சாறும் நடுவில் வருபவை. ஸ்லோ குக்கர் நடுக்கட்டத்தை மிக அருமையாகச் செய்யும். மற்ற இரண்டும் அதனால் ஆகாது. அந்த இரண்டையும் அடுப்பில் நாம் செய்துகொடுத்தால் போதும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இதுதான். மீதி எல்லாம் எப்படி, எவ்வளவு, எப்போது என்ற விவரங்கள்.

சட்டிக்குள் என்ன நடக்கிறது?

கனமான பீங்கான் சட்டி, அதைச் சுற்றி மெதுவாகச் சூடேற்றும் மின்கம்பி, மேலே ஒரு கண்ணாடி மூடி. அளவைப் பொறுத்து 100 முதல் 300 வாட் வரைதான் மின்சாரம் இழுக்கும். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான்.

'லோ', 'ஹை' என்று இரண்டு நிலைகள் இருக்கும். லோவில் சூடு குறைவு, ஹையில் அதிகம் என்றுதான் தோன்றும். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 95 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். ஹையில் அங்கே சீக்கிரம் போய்விடும், லோவில் மணிக்கணக்காகும். அதனால்தான் ஹையில் 4 மணி நேரம் பிடிக்கும் கறி, லோவில் 7, 8 மணி நேரம் கேட்கிறது.

பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரிவரை போகும். வாணலியில் அதற்கும் மேலே. வெங்காயம் பொன்னிறமாவதும், கறியின் மேல்புறம் சிவந்து மணப்பதும், ஈரம் வற்றி 140 டிகிரி வாக்கில் சூடு ஏறினால்தான் மளமளவென்று நடக்கும். தண்ணீர் நிற்கும் பீங்கான் சட்டியில் அந்தச் சூட்டுக்கு வழியே இல்லை. போதாததற்கு, எழும் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்பவும் உள்ளேயே சொட்டுகிறது. எதுவும் வற்றாது. மணம் இல்லை, தண்ணீராக இருக்கிறது என்ற இரண்டு குறைக்கும் காரணம் இவ்வளவுதான்.

பயறுக்கென்றே பிறந்த பாத்திரம்

இதன் கதை தெரிந்தால் இதில் எதை வைக்கலாம் என்பதும் புரிந்துவிடும். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் இதற்காக 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்றார். அவருடைய யூதக் குடும்பத்தின் வேர் லிதுவேனியாவின் வில்னாவில். யூதர்கள் சப்பாத் என்ற வார ஓய்வு நாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே, பயறும் கறியும் கிழங்கும் நிறைந்த 'சோலன்ட்' சட்டியைப் பக்கத்து பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். தணிந்துகொண்டே வரும் ரொட்டி அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். அம்மா சொன்ன இந்தப் பழங்கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை பிறந்தது. அவருடைய 'பீனரி' பயறு வேகவைக்கும் பாத்திரமாகத்தான் இருந்தது. 1970இல் கன்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கியது. 1971இல் அந்தப் பாத்திரம் 'குரோக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்து அமெரிக்க வீடுகளில் பரவியது.

பயறு, எலும்பு, முற்றிய கறி, இரவு முழுக்க நீளும் இளஞ்சூடு. பூர்வீகம் இது. நம் சமையலிலும் இந்தக் குணம் உள்ளவற்றைக் கொடுத்தால் குக்கர் தன் வேலையைக் காட்டும்.

முதல் கட்டம்: பத்து நிமிடம் வாணலி

இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போகும்வரை. பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள். தக்காளி கரைந்து எண்ணெய் ஓரம் கட்டும்வரை. பச்சை வெங்காயத்தையும் பச்சைப் பூண்டையும் அப்படியே சட்டியில் போட்டால், அந்தக் காட்டம் ஓர் அவிந்த வாடையாகக் கடைசிவரை நிற்கும். 'எதை வைத்தாலும் ஒரே ருசி' என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கறியாக இருந்தால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மேல்புறம் சிவக்கப் புரட்டி எடுங்கள். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். முடிந்ததும் வாணலியின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். அதில்தான் ருசி இருக்கிறது. அரை தம்ளர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டி, அதையும் சட்டியில் சேருங்கள்.

பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போன்றவற்றை வழக்கத்தில் பாதி போட்டால் போதும். எட்டு மணி நேரம் சாறு இறங்கினால் கிராம்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உப்பும் முதலில் முக்கால் அளவு போடுங்கள். மிச்சத்தை இறக்கும்போது ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

தண்ணீர்: கையை இறுக்குங்கள்

அடுப்பில் நான்கு தம்ளர் ஊற்றும் குழம்புக்கு இங்கே இரண்டரை போதும். கறியும் தக்காளியும் விடும் தண்ணீர் வேறு சேரும். கறி முக்கால் பங்கு முழுகினால் சரி. ஊற்றுவது கொதிக்கும் தண்ணீராக இருக்கட்டும். சட்டி சீக்கிரம் சூடு பிடிக்கும். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

சட்டியைப் பாதிக்குக் குறையாமல், முக்காலுக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். பெரிய குக்கரில் கொஞ்சமாக வைத்தால் ஓரம் பிடிக்கும். தளும்பத் தளும்ப நிரப்பினால் நடுவில் வேகாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 4 லிட்டர் வாக்கில் இருந்தால் தாராளம்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அதைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் போகும் சூட்டை ஈடுகட்ட 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். கடைசியில் குழம்பு நீர்க்க இருந்தால் மட்டும் மூடியை எடுத்துவிட்டு ஹையில் அரை மணி நேரம் விடுங்கள். அவசரமென்றால் சாற்றை மட்டும் வாணலிக்கு மாற்றி, பெருந்தீயில் சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள்.

பயறு, கடலை, ராஜ்மா

கறுப்புக் கொண்டைக்கடலை, மொச்சை, முழு உளுந்து எல்லாவற்றையும் இரவே ஊறவையுங்கள். ஊறிய கொண்டைக்கடலை ஹையில் 4 மணி நேரம் வாக்கில் பூவாக வெந்துவிடும். தோல் கழலாது, உடையாது, உள்ளே மாவாக இருக்கும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: பயறு வேகும்வரை புளியும் தக்காளியும் கிட்டே வரக்கூடாது. புளிப்பு இருந்தால் தோல் இளகாது. வெங்காயம் மசாலாவை மட்டும் வதக்கிச் சேர்த்து, தக்காளியைத் தனியே வதக்கி வைத்துக்கொண்டு, கடலை விரலில் நசுங்கியபின் போடுங்கள். போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தாலும் பயறு வேக மறுக்கும். நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். வேறு வழியில்லை என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ராஜ்மாவை, அதாவது சிவப்புக் காராமணியைவிட அளவில் பெரிதான அந்தச் சிவப்பு பீன்ஸை, ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழியும். குறைந்த சூட்டில் அழியாது. 80 டிகிரி அளவில் சூடாகும்போது நஞ்சு ஐந்து மடங்குவரை கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து கொட்டை போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடுங்கிவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவையுங்கள். அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்லோ குக்கரில் போட்டால் பயமில்லை.

ஆட்டுக்கால் பாயா: இதற்காகவே வாங்கலாம்

என்னைக் கேட்டால், இந்தக் குக்கரின் முழுத் திறமையும் தெரிவது ஆட்டுக்கால் பாயாவில்தான். எலும்பை ஒட்டிய சவ்வும் நரம்பும் தோலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. 70 டிகிரியைத் தாண்டிய சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். அதுதான் பாயாவின் பிசுபிசுப்பு. பிரஷர் குக்கரும் இதைச் செய்யும், அதுவும் வேகமாக. ஆனால் கொதித்துப் புரளாமல் வெந்த சாறுதான் தெளிவாக இருக்கும். தோலும் சிதையாமல் முழுசாக எலும்பைச் சுற்றி நிற்கும்.

நான்கு ஆட்டுக்கால்களை வாட்டி, சுத்தம் செய்து, துண்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள் சேர்த்த தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, கால்களைக் கழுவிவிடுங்கள். வாணலியில் ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, இரண்டு ஏலக்காய் பொரிந்ததும் பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கீறிய பச்சை மிளகாய், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒரு தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். கால்களைப் போட்டுப் புரட்டிச் சட்டிக்கு மாற்றி, உப்பு சேர்த்து, முழுகும் அளவுக்கு மட்டும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஹை. பிறகு லோவில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

காலையில் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்கும். வேண்டிய அளவு விட்டு மீதியைக் கரண்டியால் ஒதுக்கி எடுங்கள். இதைப் பற்றி ஊருக்குப் போனில் சொன்னபோது திருநெல்வேலியில் இருக்கும் அம்மா கேட்டார்: "ஏட்டி, விசிலே வராதுன்னா வெந்துட்டுன்னு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. ஒரு காலை எடுத்து எலும்பை லேசாகத் திருகிப் பாருங்கள். தோலும் சவ்வும் தானாக நழுவ வேண்டும். ஒரு துளிச் சாற்றை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் விரல் ஒட்டிப் பிரிய வேண்டும். இரண்டும் நடந்தால் பாயா தயார். இல்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம்.

இனி கடைசிக் கட்டம். தேங்காய், முந்திரி, கொஞ்சம் சோம்பு அரைத்த விழுதைத் தனியே ஒரு பாத்திரத்தில் இரண்டு கரண்டிச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துச் சட்டியில் சேருங்கள். இடித்த மிளகைத் தாராளமாகத் தூவுங்கள். கொத்தமல்லித்தழை. எலுமிச்சை தட்டில்தான். இடியாப்பமோ ஆப்பமோ பக்கத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறென்ன வேண்டும்?

கறி, கோழி, காய்

ஆட்டுக்கறியில் தொடையைவிட முன்னங்கால், கழுத்து, நெஞ்செலும்பு ஆகியவை இதில் சிறக்கும். சவ்வும் எலும்பும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ருசி. லோவில் 7, 8 மணி நேரம். கோழியில் எலும்போடு தொடைக்கறி 4 மணி நேரத்தில் லோவிலேயே வெந்துவிடும். நெஞ்சுக்கறியை வைத்தால் நார் நாராக வறண்டுபோகும். முற்றிய நாட்டுக்கோழிக்கு இதைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரியாது.

உருளைக்கிழங்கு, கேரட், சேனை போன்றவை இங்கே கறியைவிட மெதுவாக வேகும். காயைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் 85 டிகிரி வாக்கில்தான் இளக ஆரம்பிக்கும், அந்தச் சூட்டுக்கு வரவே லோவில் நேரமாகும். எனவே கிழங்கைச் சின்னதாக நறுக்கி அடியிலும் ஓரத்திலும் பரப்பி, அதன்மேல் கறியை வையுங்கள். கத்தரிக்காய், முருங்கைக்காய் கடைசி ஒரு மணி நேரம். கீரை கடைசிப் பத்து நிமிடம்.

நோன்புக் கஞ்சியையும் சொல்லியாக வேண்டும். வெறும் சோறு இதில் குழைந்து கெட்டுப்போகும். ஆனால் குழைவதுதான் கஞ்சிக்கு அழகு. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, வதக்கிய கொத்துக்கறி சேர்த்து மதியம் வைத்துவிட்டால், அடிபிடிக்குமோ என்று கிண்டிக்கொண்டே நிற்காமல் நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தயாராகிவிடும். கடைசியில் தேங்காய்ப்பால், புதினா, மல்லித்தழை.

கடைசிக் கட்டம்: தாளிக்காமல் இறக்காதீர்கள்

திருநெல்வேலிச் சொதி வைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பால் நடுவில், முதல் பால் இறக்கும்போது. ஸ்லோ குக்கருக்கும் அதே சட்டம். கெட்டிப் பாலை முதலிலேயே ஊற்றினால் பல மணி நேரச் சூட்டில் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். கடைசிப் பதினைந்து நிமிடம் போதும். தயிரும் அப்படியே, நன்றாகக் கடைந்து, கொஞ்சம் சூடான சாறு கலந்து, பிறகு சேருங்கள்.

புளிக்குழம்பு என்றால் புளிக்கரைசலை அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பச்சை வாசனை போனபின் ஊற்றுங்கள். கரம் மசாலா, மிளகு, பெருங்காயம் ஆகியவற்றின் வாசனை ஆவியோடு போய்விடும். அவையும் கடைசியில்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னக் கரண்டியில் நல்லெண்ணெயோ நெய்யோ காயவைத்து, கடுகு, சோம்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சட்டியில் கொட்டி உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். பாத்திரத்தைப் பரணில் ஏற்றியவர்கள் தேடிய மணம் அப்போது வரும்.

பாதுகாப்பு விஷயங்கள்

உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். அதனால் உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து இளகியபின் சமையுங்கள். மிச்சக் குழம்பைச் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்காமல், அகலமான பாத்திரங்களில் ஊற்றி 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். திரும்பச் சூடாக்க அடுப்புதான். ஸ்லோ குக்கர் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பீங்கான் சட்டியைச் சூடான அடித்தளத்தில் வைத்தால் விரிசல் விடும்.

நீங்கள் வெளியே போயிருந்தபோது கரண்ட் போய் எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றலாம். அமெரிக்காவில் வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே 120 வோல்ட், இந்தியாவில் 230. நேராகச் செருகினால் கருகிவிடும்.

பழைய குக்கர் சரியாகச் சூடாகிறதா என்று பார்க்க ஒரு வழி: பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்த உடனே தெர்மாமீட்டரை வையுங்கள். 85 டிகிரிக்குக் குறைந்தால் அதில் சமைக்க வேண்டாம்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

மீன் குழம்பு, ரசம், வெண்டைக்காய்ப் பொரியல், கூட்டு, உதிரியான சோறு ஆகியவற்றுக்கு இது ஆகாது. மீன் பத்து நிமிடத்தில் வேகும். ரசம் நுரை கட்டும்போது இறக்க வேண்டும். உங்கள் வீட்டில் அன்றாடம் அவ்வளவுதான் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். துவரம்பருப்புக்கும் பிரஷர் குக்கரே போதும்.

எலும்புச் சூப், பாயா, நாட்டுக்கோழி, கடலைக் குழம்பு எல்லாம் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அடுப்பருகே நிற்க நேரமில்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். முதலில் கொண்டைக்கடலைக் குழம்பு. அது கைவந்ததும் நெஞ்செலும்பு. பிறகு பாயா. ஒவ்வொரு முறையும் முன்னால் பத்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் அடுப்பில் செலவழியுங்கள். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரமும் உங்களுடையது. தூங்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளைகளோடு இருக்கலாம்.

எதை வைத்தீர்கள், எப்படி வந்தது என்று எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் சிக்கல் என்று சொன்னால் சேர்ந்து சரிசெய்துவிடலாம்.